வெடிமருந்து வீட்டுக் கைவினையாகுமா?

பொழுதுபோக்கு என்னும் சொல்லுக்கு ஒரு தனி வல்லமை உண்டு. அச்சொல்லால் அழைக்கப்பட்ட மாத்திரத்தில் எச்செயலும் குற்றமற்றதாகத் தோன்றத் தொடங்கிவிடுகின்றது. முத்திரை சேர்ப்போர், பட்டம் கட்டுவோர், வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டுவோர் ஆகியோரின் வரிசையில், சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கோதுகளை வீட்டு மேசையில் வைத்து மீண்டும் மருந்திட்டு நிரப்புவோரும் இன்று இடம் கேட்கின்றனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் அவ்விடம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டும் உள்ளது. அங்கு அதற்கெனக் கருவிகள் விற்கப்படுகின்றன, கைந்நூல்கள் அச்சிடப்படுகின்றன, ஓய்வுபெற்ற முதியவர்கள் மாலை வேளைகளில் மருந்தை நிறுத்துப் பார்த்து, கணக்கெழுதி, அமைதியாக இத்தொழிலைச் செய்துவருகின்றனர்.

ஒரு தோட்டாவின் உறுப்புகள் நான்கு. அவை உலோகக் கோது, அதன் அடியில் பொருத்தப்படும் கேப்பு, உள்ளே அடைக்கப்படும் மருந்து, முனையில் அமரும் குண்டு என்பன. வேட்டுத் தீர்ந்ததும் மூன்று அழிந்துவிடக் கோது மட்டும் மிஞ்சுகின்றது. மிஞ்சியதை வீணாக்காது மீளப் பயன்படுத்தல் சிக்கனமென்பர். தன் துவக்குக்கேற்பத் தானே நிரப்பும்போது குறி பிசகாதென்பர். இது கைத்திறனின் பாற்பட்டதென்பர். தன் வீட்டில், தன் பணத்தில், தன் கையால் செய்யும் செயலில் பிறர்க்கு என்ன வேலை எனவும் வினவுவர். சிக்கனம், திறன், தனியுரிமை எனும் இம்மூன்றின் மேலேயே அப்பொழுதுபோக்கின் நியாயம் எழுப்பப்பட்டுள்ளது.

இந்நியாயம் வல்வெட்டித்துறையை வந்தடையும்போது வேறோர் உருவம் கொள்கின்றது. அங்கு பித்தளைக் கோதுகளை மேசையில் அடுக்கி மகிழ்ந்த கழகங்கள் இருந்ததில்லை. அவ்வூரைப் பற்றிப் பேசுவோர் சிலரிடம் வேறொரு பெருமிதம் உண்டு. வெளியார் உதவியின்றி, ஆய்வுகூடமின்றி, பனங்கூடலிலும் வீட்டுக் கொல்லையிலும் வெடிமருந்தைக் கையாளக் கற்றுக்கொண்ட கைகள் அவ்வூரின் கைகள் என்பர். கப்பல் கட்டிய திறனின் தொடர்ச்சியே குண்டு செய்த திறனும் என்பர். போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், அதன் இழப்புகளை நேரில் காணாத இளந்தலைமுறையினரிடையே இக்கூற்று ஒரு தொழில்நுட்ப வியப்பாகவே பரவுகின்றது. அரசியலும் துயரும் உரிந்துபோய், செய்முறை மீதான ரசனை மட்டும் எஞ்சி நிற்கின்றது. மேலைநாட்டு முதியவரின் மேசைக்கும் இவ்விளைஞரின் வியப்புக்கும் அடிப்படை ஒன்றே. வெடிமருந்தை அது சென்று சேரும் உடலிலிருந்து பிரித்து, செய்பவனின் விரலோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதே அவ்வடிப்படை. இப்பார்வை பிழையானது, வல்வெட்டித்துறையின் வரலாறே அதற்கு மறுப்பாகும்.

முதலில் தனியுரிமை என்னும் வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். வெடிமருந்து வீட்டின் எல்லையை மதித்ததாக வரலாறு இல்லை. 1864 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரில், நோபல் குடும்பத்தார் நைத்திரோகிளிசரின் செய்துவந்த இடம் வெடித்தபோது அல்பிரட் நோபலின் தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். அத்துறையில் உலகின் தலைசிறந்த அறிவு படைத்த குடும்பம் அது. 1971 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சிக்கு ஆயத்தமாகக் கேகாலை மாவட்டத்து நெலுந்தெனியவில் குண்டு செய்துகொண்டிருந்தோரில் ஐவர் தற்செயலாக நேர்ந்த வெடிப்பில் இறந்தனர். அதே மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மார்ஸ் மண்டபத்திலும் வெடிப்பு நிகழ்ந்தது. மாணவர் உறங்கும் விடுதியின் கூரையின் கீழ் வெடிபொருள் இருந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தார் இன்று நினைத்துப் பார்த்தல் நன்று. அக்கூரையின் கீழ் வாழ்ந்தோர் அனைவரையும் கேட்டா அது அங்கு வைக்கப்பட்டது?

வல்வெட்டித்துறையின் கதையும் இவ்வாறே தொடங்கியது. அவ்வூரைச் சேர்ந்த வேலுப்பிள்ளை பிரபாகரனின் இளமைக்காலத்தை எழுதியோர், 1970களின் தொடக்கத்தில் அவரும் தோழர் சிலரும் வெடிமருந்தைக் கையாளப் பழகியதையும், கைத்தவறால் அது வெடித்துத் தீப்புண் பட்டதையும் குறித்துள்ளனர். அவர்கள் விளையாட்டாகச் செய்தனர் எனல் பொருந்தாது. அவர்களுக்கு நோக்கம் இருந்தது. ஆயினும் அந்நோக்கத்தை மருந்து அறியாது. பொழுதுபோக்குக்காக நிரப்புபவன் கையிலும் இலட்சியத்துக்காக நிரப்புபவன் கையிலும் அது ஒரே விதியின்படியே வெடிக்கின்றது. உரிமமும் கண்காணிப்பும் வேண்டப்படும் தொழிலிலுங்கூட நிலைமை வேறன்று. 2012 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் தமிழ்நாட்டில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியின் பட்டாசுத் தொழிற்சாலையில் நேர்ந்த வெடிப்பில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உதவவும் பார்க்கவும் ஓடிச்சென்றோரும் இறந்தோருள் அடங்குவர். தொழிற்சாலையின் மதிலே அடக்கமுடியாததை அடுக்களைச் சுவர் அடக்குமென எண்ணுதல் பேதைமை.

வெடிப்பு நேராவிட்டாலும் வெடிமருந்து தனியுடைமையாக நிற்பதில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை நினைவுகூரலாம். யூரியாப் பசளை, மின்கலம், சீமெந்து, எரிபொருள் முதலியன தடுக்கப்பட்டன அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. இவற்றைக் கொண்டு வெடிபொருளும் பதுங்குகுழியும் செய்யலாம் என்பது அரசு கூறிய காரணம். ஒரு மக்கட்கூட்டம் முழுவதையும் தண்டித்த அத்தடை கொடிது என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தடையின் சுமை யார் தலையில் இறங்கியது என்பதையும் பார்த்தல் வேண்டும். குண்டு செய்தோர்க்கு வேண்டிய பொருள் கடல்வழியாக வந்தது. புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் பசளை தேடி அலைந்தவன் கமக்காரன். ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கின் முன்னிருந்து பரீட்சைக்குப் படித்தவர் மாணவர். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர் முதியவர். ஒருவன் தன் கொல்லையில் எதைக் கலக்கின்றான் என்பது அயலானின் அடுப்பையும் விளக்கையும் வயலையும் தொட்டுவிட்டது. இவ்வனுபவம் வாய்த்த ஒரு நாட்டில், "தன் வீடு, தன் கை" என்னும் பேச்சு எவ்வாறு எடுபடும்?

அடுத்தது கைத்திறன் என்னும் வாதம். வல்வெட்டித்துறைக்குக் கைத்திறன் பற்றிப் பிறர் பாடம் சொல்லவேண்டியதில்லை. பாய்க்கப்பல் கட்டி வங்கக் கடலைக் கடந்து பர்மா வரை வணிகம் செய்த ஊர் அது. 1930 ஆம் ஆண்டு அவ்வூரில் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்னும் கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளால் சூயஸ் கால்வாய் வழியாகச் செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பொறியியற் பட்டம் பெறாத ஓடாவிமாரின் கண்கணக்கில் உருவான கப்பல், ஈழத்துக் கரையிலிருந்து அத்திலாந்திக்கின் மறுகரைக்குச் சென்றது. தைப்பொங்கல் நாளில் அவ்வூர்க் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கண்டோர், காற்றையும் நிறையையும் நூலின் இழுவையையும் இவ்வளவு துல்லியமாகக் கணிக்கும் விரல்கள் வேறெங்கும் உளவோ என வியப்பர். சித்திரைப் பூரணையில் முத்துமாரியம்மன் திருவிழாவையொட்டி இந்திரவிழா நிகழும்போது வானில் எழும் வாணங்களும் அவ்வூரின் கலைச்செல்வமேயாம்.

வாணமும் மருந்தால் ஆனதுதானே, அதனைப் போற்றிவிட்டு மற்றதைப் பழித்தல் முறையோ எனக் கேட்பாருளர். கேள்வி நேர்மையானது, விடையும் அதனுள்ளேயே உள்ளது. வாணம் பலர் பார்க்க, பலர் அறிய, குறித்த நாளில், திறந்த வெளியில் எரிந்து முடிகின்றது. மறுநாட் காலை கரிந்த கடதாசி தவிர அதில் எதுவும் எஞ்சுவதில்லை. நிரப்பிய தோட்டாவோ முடிவடையாத ஒரு பொருள். அது மேசையில் இருக்கும்வரை பாதியே ஆகும். மறுபாதி எவரோ ஒருவரின் உடலிலோ ஒரு விலங்கின் உடலிலோ ஒரு சுவரிலோதான் நிறைவேறும். கப்பல் செய்தவன் அது கரை சேர்ந்ததைக் கேட்டு மகிழ்வான். பட்டம் கட்டியவன் அதனை இறக்கிக் கையிலெடுத்துச் செல்வான். குண்டு செய்தவன் தன் வேலையின் முடிவை அருகே சென்று பார்ப்பதில்லை. தன் வேலையின் முடிவை நோக்காத திறனைக் கலையெனல் தகாது.

முகமாலை இதற்குச் சான்று. குடாநாட்டின் வாயிலில், 2009 ஆம் ஆண்டு வரை போர்முனையாக இருந்த அந்நிலத்தில் இருதரப்பாரும் மிதிவெடிகளைப் புதைத்தனர். ஒருதரப்பின் மிதிவெடிகள் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்டவை. மறுதரப்பினுடையவற்றுள் "ஜொனி" எனப் பெயரிடப்பட்ட உள்ளூர்த் தயாரிப்புகளும் இருந்தன. மரப்பெட்டியுள் மருந்தடக்கிச் செய்யப்பட்டனவும் அவற்றுள் உண்டு. அறுத்து, சீவி, பொருத்தி, மூடி போட்ட தச்சுவேலை! அன்னபூரணியும் மரவேலை, இப்பெட்டியும் மரவேலை. முன்னையது மனிதரை உலகின் மறுபுறம் கொண்டுசென்றது. பின்னையது, பாதுகாப்பதற்கெனச் சொல்லப்பட்ட மக்களின் வளவுகளிலும் பனங்காணிகளிலும் படுத்துக்கிடந்து, விறகு பொறுக்க வந்தோரின் காலுக்காகக் காத்திருந்தது. போர் முடிந்ததை அதற்கு எவரும் அறிவிக்கவில்லை. புதைத்தோருட் பலர் இறந்துபோக, புதைத்த இடங்களின் கணக்கும் அவர்களோடு போயிற்று. ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் மிதிவெடி அகற்றி வருகின்றன. அப்பணியில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியோருள், போரில் கணவரை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர். "உள்ளூர்த் தொழில்நுட்பம்" என்று கைதட்டுவோர், அதன் இறுதிக் கட்டத்தைச் செய்து முடிப்போர் இப்பெண்களே என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இவ்விடத்தில் வலுவானதோர் எதிர்வாதம் எழும். வல்வெட்டித்துறையின் இளைஞர் சும்மா இருந்த காலத்தில் வெடிமருந்தைத் தேடிச் செல்லவில்லை. தரப்படுத்தலும், அமைதிவழிப் போராட்டங்கள் மீதான தாக்குதலும், 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும், 1983 ஆம் ஆண்டின் யூலைப் படுகொலையும் அவர்களை அங்கு தள்ளின என்பர். அவ்வூரின்மேல் விழுந்த எறிகணைகள் எவருடைய கொல்லையிலும் செய்யப்பட்டவையல்ல, அவை ஓர் அரசின் கருவூலப் பணத்தில் வாங்கப்பட்டவை என்றும் கூறுவர். இவையனைத்தும் உண்மை. இவற்றை மறைத்து வெடிமருந்தைப் பழிப்பவன் அரசின் ஊழியனாவானேயன்றி அறத்தின் ஊழியனாகான். கொல்லையில் செய்த குண்டைவிடக் கருவூலம் வாங்கிய குண்டு மிகுதியான தமிழரைக் கொன்றது என்பதும் மறுக்கவொண்ணாதது.

ஆயினும் ஒன்று நேர்ந்தமைக்குக் காரணம் கூறுதல் வேறு. நேர்ந்ததை ரசித்தல் வேறு. நோயாளி கசப்பு மருந்தை ஏன் உண்டான் என விளக்கலாம். அக்கசப்பை விருந்தாகப் பரிமாறுதல் கூடாது. மேலும், அவ்வூர் மக்கள் செலுத்திய விலையை எதிர்வாதம் கணக்கில் எடுப்பதில்லை. 1989 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் நாள் வல்வெட்டித்துறையில் இந்தியப் படையினர் தாக்கப்பட்டனர். படையினர் சிலர் மாண்டனர். அதன்பின் அப்படையினர் ஊருக்குள் புகுந்து 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றனர். வீடுகளையும் கடைகளையும் எரித்தனர். அக்கொலைக்குப் பொறுப்பு கொன்ற படையினுடையதே. அதனை எவர்மீதும் மாற்றிச் சுமத்த முடியாது. ஆனால், தாக்கியோர் விலகிச் செல்லத் தாக்கப்படாதோர் எஞ்சி நின்று இறந்தனர் என்பதும் அந்நாளின் உண்மையே. ஏழு வாரங்களின் பின், செப்டெம்பர் 21 ஆம் நாள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாத் தரப்புத் துவக்குகளையும் ஒரே அளவுகோலால் அளந்து எழுதியமையே அவர் செய்த குற்றம். பகைவனை நோக்கி நிரப்பப்பட்ட துவக்குப் பேனாவை நோக்கித் திரும்ப நெடுங்காலம் எடுக்கவில்லை. இதனைப் பல்கலைக்கழகம் மறக்குமாயின் வேறு யார் நினைவில் வைத்திருப்பர்?

வெடிமருந்தை வீட்டில் வைத்துக் கையாளுதலுக்கெதிரான இவ்வாதம் சட்டத்தைச் சார்ந்ததன்று. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் உரிமமின்றி இவற்றைச் செய்தலையும் வைத்திருத்தலையும் தடுக்கின்றன. ஆனால் வடபுலத்தார்க்குச் சட்டம் என்பது நள்ளிரவுச் சோதனையின் மறுபெயராக நீண்டகாலம் இருந்தமையால், சட்டம் தடுக்கின்றது என்ற ஒன்றே அவர்க்குப் போதிய காரணமாகாது. காரணம் சட்டநூலில் இல்லாவிடினும் கண்முன்னே உள்ளது.

கண்முன்னே உள்ளது எனல் மிகையன்று. வன்னியிலும் அதற்கப்பாலுள்ள காட்டோரச் சிற்றூர்களிலும், இடியன் துவக்கின் மாதிரியில் வீட்டிலேயே செய்யப்பட்டு விலங்கின் வழியில் கட்டிவைக்கப்படும் கட்டுத்துவக்கு, பன்றிக்கெனக் கட்டப்பட்டு மனிதரின் முழங்காலைச் சிதைக்கின்றது. தென்பகுதியில் "ஹக்க பட்டாஸ்" எனப்படும் தீனிக்குள் ஒளித்த வெடி, பன்றிக்கென வைக்கப்பட்டு, கடித்த யானைக்கன்றின் வாயைப் பிளக்கின்றது. உண்ணமுடியாத அவ்விலங்கு நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றது. போருக்குப்பின் வடக்குக் கிழக்கில், வெடிக்காமற் கிடந்த எறிகணைகளையும் மிதிவெடிகளையும் பிரித்து மருந்தெடுத்து மீன்பிடி வெடிக்கு விற்கும் வழக்கம் ஒன்று தோன்றியது. தோட்டாவை மீள நிரப்பும் பொழுதுபோக்கின் ஈழத்து வடிவம் இதுவேயாகும். போர் விட்டுச்சென்ற கோதிலிருந்து மருந்தைக் கறந்து, வேறொரு கோதில் ஊற்றுகின்றனர். இதனைச் செய்வோர் வறியோர். அவர்களிடம் செல்வந்தனின் ஓய்வும் இல்லை, அளவுகோலும் இல்லை. கையிழந்தோர் உளர், உயிரிழந்தோரும் உளர்.

அம்மருந்து கடலுள் செய்வதும் அதே வேலைதான். வெடியின் அதிர்ச்சி மீனின் காற்றுப்பையைக் கிழிக்கின்றது. ஒரு பகுதி மிதக்கின்றது. பெரும்பகுதி அடியில் அமிழ்ந்து எவர்க்கும் பயனின்றி அழுகுகின்றது. முட்டையும் குஞ்சும் மாள்கின்றன; பவளப்பாறை நொறுங்குகின்றது; நொறுங்கிய பாறை மீள வளர ஒரு தலைமுறையும் போதாது. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் இதனைத் தடைசெய்துள்ளது. கடலையே வளவாகக் கொண்ட வல்வெட்டித்துறை போன்ற ஊர்களுக்கு இது களவையும் விடக் கொடியது. களவில் இருப்பது மட்டுமே போகின்றது. வெடியில் இனி வரவிருப்பதும் போகின்றது. வலை பின்னத் தெரிந்த சமூகம் வெடி எறிந்து மீன் பொறுக்குமாயின், அது சிக்கனமா? கைத்திறனா? மேலைநாட்டு மேசையில் பேசப்பட்ட மூன்று நியாயங்களும் இக்கரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதக்கின்றன.

அவ்வாறாயின் மேலைநாட்டு முதியவரின் மேசையையும் இக்குற்றக் கூண்டில் ஏற்றல் வேண்டுமா என்பது வினாவாகலாம். அவர் நிறுக்கின்றார், அளக்கின்றார், இலக்குப் பலகையையே சுடுகின்றார். அவர்தம் நாட்டில் அவரது மருந்து இதுவரை அயலவரின் விளக்கை அணைக்கவில்லை. எனவே அவர் தம்மைக் குற்றமற்றவராகக் கருதுவது வியப்பன்று. ஆனால் அக்குற்றமின்மை அவரது பண்பினால் வந்ததன்று; அவரது நாட்டின் அமைதியினால் இரவல் பெற்றது. அமைதி கலையும் நாளில் அம்மேசை என்னவாகும் என்பதற்கு, ஒருகாலத்தில் பட்டமும் வாணமும் மட்டுமே செய்த ஊர்களைக் கேட்டறிவதே வழி.

பல்கலைக்கழகத்தாரும் மாணவரும் செய்யவேண்டியவை உள. வல்வெட்டித்துறையின் கப்பற்கட்டுக் கலையை அறிந்த கடைசி முதியோரிடமிருந்து அளவும் பெயரும் முறையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். மிதிவெடி அகற்றிய பெண்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் வேண்டும். பிரித்தெடுத்த மருந்தை விற்றுப் பிழைப்போர்க்கு வேறு பிழைப்பு என்ன என்பதை ஆராய்தல் வேண்டும். தெருவோரத்தில் கிடக்கும் துருப்பிடித்த உலோகத்தைத் தொடாதே எனக் கிராமத்துப் பள்ளிச் சிறுவர்க்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். போராட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் எழுதட்டும். அதில் வெடிமருந்துக்கும் ஓர் அத்தியாயம் இருக்கட்டும். ஆனால் அவ்வத்தியாயம் செய்தவனின் விரல்நுட்பத்தோடு முடிந்துவிடலாகாது. யூரியா கிடைக்காத கமக்காரனும், ஓகஸ்ட் 2 ஆம் நாளில் வீட்டிலிருந்தமையாலேயே இறந்தவனும், முகமாலையில் முழந்தாளிட்டவளும் அதில் இடம்பெறுதல் வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் எந்தப் புகழுரையும் மருந்தில்லா வெற்றுக் கோதேயாகும். அதனை மீள நிரப்ப எவனோ ஒருவன் ஒருநாள் வருவான் என்பதே அதிலுள்ள ஆபத்து.